சிவப்புக்கு முடிச்சு

ஒட்டகத்துக்கு லாமா சித்தப்பா பிள்ளை முறை. பெரியப்பா வீட்டுத் திமில் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. அதற்கு ஈடாகத் திமிர் மட்டும் இரண்டு பங்கு வந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகும் அந்தப் பிராணிப் பண்ணையில் இரண்டு பெண் லாமாக்கள் இருந்தன. ஒரே தாய் ஈன்றவை, இரண்டும் வெள்ளை. பார்க்கிறவர்களுக்கு அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் லாமாக்காரனுக்கு அவை கிழக்கும் மேற்கும். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு யாரையும் சட்டை செய்யாமல் நடக்கிறவள் மகாராணி. பந்தியில் தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பதுபோல எந்நேரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிடிக்காதவர்மேல் பொளிச்சென்று துப்புகிறவள் சம்மந்தி.

லாமாக்காரன் என்பது பண்ணையில் அவனுக்கு வைத்த பெயர். மகாராணி குட்டியாக வந்து இறங்கியதிலிருந்து அவன் கையில்தான் வளர்ந்தாள். காலையில் அவன் முகத்தருகே மூக்கைக் கொண்டுவந்து ஒரு மூச்சு விட்டுப் பார்ப்பாள். ஆள் இவன்தான் என்று உறுதியான பிறகுதான் தீவனத்தில் வாய் வைப்பாள். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த மூச்சுக்காகவே விடுமுறை நாளிலும் பண்ணைக்கு ஒரு நடை போய்விட்டு வருவான்.

சம்மந்தியைப் பார்த்துக்கொண்டவன் அவனுடைய மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. வேலைவெட்டி இல்லாமல் அக்கா வீட்டு நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தவனுக்கு, மேனேஜரை நச்சரித்து நச்சரித்து லாமாக்காரன்தான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தான். பயல் மோசமில்லை. சம்மந்தி துப்பினால் துடைத்துக்கொண்டு சிரிக்கிற அளவுக்குப் பொறுமை இருந்தது.

லாமாக்காரனிடம் ஒரு குறை உண்டு. சிவப்புக்கும் பச்சைக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டுமே அவனுக்குச் சேற்றில் புரண்டெழுந்த மஞ்சள். இளவயதில் லாரி ஓட்டுகிற வேலைக்குப் போனபோது, கண் பரிசோதனையில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டத்தைக் காட்டி, "இதுல என்ன நம்பர்?" என்று கேட்டார்கள். "புள்ளிதான் சார் தெரியுது" என்றான். பரிசோதித்தவர் சிரித்தார். வேலை போனதோடு விட்டதா? செய்தி அவனுக்கு முன்னால் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. போகிறவன் வருகிறவன் எல்லாம் சட்டையைப் பிடித்துக் காட்டி, "இது என்ன கலர், சொல்லு பாப்போம்" என்றான். ஊரை மாற்றிக்கொண்ட பிறகு அதைப் பற்றி அவன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

மனைவி மட்டும் தானாகவே கண்டுபிடித்தாள். கல்யாணமான புதிதில் பழுத்த தக்காளி வாங்கி வரச் சொன்னாள். காயும் பழமுமாகக் கொண்டுவந்தான். மறுபடியும் சொன்னாள், மறுபடியும் அப்படியே. மூன்றாம் தடவை ஒரு காயையும் ஒரு பழத்தையும் அவன் முன்னால் வைத்து, "இதுல எது பழம்?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். விடுங்க, இனிமே என் கண்ணு உங்க கண்ணு."

அந்த ஒரு சொல்லுக்காக அவன் அவளுக்குக் காலமெல்லாம் கடன்பட்டவனாக இருந்தான். சட்டையை அவள்தான் எடுத்து வைப்பாள். பழத்தை அவள்தான் பொறுக்குவாள். பண்ணையில் சிவப்பு மூடி போட்ட மருந்து மேலே பூசுவதற்கு. உள்ளே போனால் ஆபத்து. பச்சை மூடி போட்டது குடிக்கக் கொடுப்பதற்கு. புதுப் பாட்டில் வந்தால் சாப்பாட்டுப் பையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவருவான். சிவப்பு மூடி பாட்டிலின் கழுத்தில் அவள் ஒரு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள். சிவப்புக்கு முடிச்சு, பச்சைக்கு ஒன்றுமில்லை. அவனுடைய விரல் பார்த்துக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் ஒரு பிராணிக்குக்கூட மருந்து மாறியதில்லை.

பண்ணைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கால்நடை டாக்டரம்மா பாடம் நடத்துவார். ஒருநாள் தீவன வாளியோடு அந்தப் பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மாடு, குதிரை, ஆடு, நாய், நம்ம லாமா, இதுங்க கண்ணுல கலரைப் பிடிக்கிற செல்லு ரெண்டு வகைதான் இருக்கு. நமக்கு மூணு வகை. அதனால நீலமும் மஞ்சளும் இதுங்களுக்கு நல்லாத் தெரியும். சிவப்பும் பச்சையும் ஒரே மங்கல்" என்றார் டாக்டரம்மா.

"அப்போ காளை மாடு சிவப்புத் துணியப் பாத்து முட்டுதே?"

"துணி ஆடுதே, அதுக்குத்தான் கோபம். வெள்ளைத் துணிய ஆட்டினாலும் முட்டும்."

"கோழிக்கு மிஸ்?"

"கோழிக்கு நம்மளவிட அதிகமாவே தெரியும்."

குப்பையைக் கிளறுகிற கோழிகூடத் தன்னைவிட மேல் என்பது லாமாக்காரனுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் மற்றதைக் கேட்டதும் மனசு துள்ளியது. நேராகப் பட்டிக்குப் போனான். "அடி கள்ளி, நீயும் என்னை மாதிரிதானா? சொல்லவே இல்லையே!" என்று மகாராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அன்றே அவளுக்கென்று ஒரு நீல வாளி வாங்கினான். அது எங்கே தெரிந்தாலும் மகாராணி நெருங்கி வருவாள். அவனுக்கும் அது தூரத்திலேயே பளிச்சென்று தெரியும்.

வீட்டில் சொன்னபோது மனைவி முகவாயில் கை வைத்தாள். "எனக்குச் சக்களத்தியா வர்றதுக்கு ஒரு லாமாதான் கிடைச்சுதா?" இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

போன மாதம் பண்ணை முதலாளியின் விருந்தாளி அம்மாள் ஒருத்தி ஆசையாகக் குனிந்தபோது சம்மந்தி முகம் நிறையத் துப்பிவிட்டது. மேனேஜர் லாமாக்காரனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மொதலாளிக்கு இனிமே ஒரு லாமா போதுமாம். எது துப்பிச்சோ அது போகட்டும். எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு, நீயே அடையாளம் வச்சிடு. போறதுக்குச் சிவப்புக் கயிறு, இருக்கிறதுக்குப் பச்சை. நாளைக்கு வியாபாரியோட ஆளுங்க வந்து சிவப்ப மட்டும் ஏத்திட்டுப் போயிடுவாங்க."

"எங்க கொண்டுபோவாங்க சார்?"

"கேக்கிற இடத்துக்கு. வேடிக்கை காட்டுறவன் கேட்டா அவனுக்கு, கறிக்குக் கேட்டா அதுக்கு. நமக்கு எதுக்குய்யா அந்தக் கவலை?"

சம்மந்தி எத்தனைதான் துப்பினாலும் அதுவும் ஒரு ஜீவன்தானே. அடுத்த கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்போ எங்க மச்சானோட வேலை சார்?"

"லாமா ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணுதான். போற லாமாவோட ஆளு நின்னுக்க வேண்டியதுதான். நீன்னா பழைய ஆளு, உன்னை எந்தப் பக்கம் வேணும்னாலும் போட்டுக்கலாம். அவன் நேத்து வந்தவன், லாமாவ விட்டா அவனுக்கு என்ன தெரியும்? கயிறு விஷயத்த அவன்கிட்டயும் சொல்லிட்டேன்."

லாமாக்காரன் கெஞ்சிப் பார்த்தான். மதியம் மறுபடியும் போய்க் கெஞ்சினான். மேனேஜர் அசைந்து கொடுக்கவில்லை.

சாயங்காலம் இரண்டு கயிறுகளையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். கடையிலிருந்து வந்த புதுக் கயிறுகள். அவன் கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம். மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். தம்பியின் பேச்சு வந்தபோது அவள் முகம் சுண்டிப்போனது.

"அப்போ உங்களை எங்க வேணும்னாலும் போட்டுக்குவாங்களாமா?"

"அப்படித்தான் சொன்னாரு."

"அவன நிறுத்திடுவாங்க."

"ரெண்டு தடவ கேட்டுட்டேன்மா. கல்லுல நார் உரிக்கிற மாதிரி இருக்கு. நான் வேற என்ன பண்ணட்டும், சொல்லு."

கயிறுகளை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு ஒரு கயிற்றின் நுனியை மடித்து, இரட்டை முடிச்சாகப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கினாள். "இந்தாங்க. முடிச்சு இருக்கிறது சிவப்பு" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. தம்பிக்காக அழுகிறாள் என்று நினைத்து அவன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பட்டிக்குப் போனான். முடிச்சுள்ள கயிற்றைச் சம்மந்தியின் கழுத்தில் கட்டும்போது, "என்னை மன்னிச்சுடு தாயி" என்றான். சம்மந்தி அவன் தோளில் துப்பியது. நியாயம்தான் என்று துடைத்துக்கொண்டான். பிறகு முடிச்சில்லாத கயிற்றை எடுத்து மகாராணியின் கழுத்தில் கட்டினான். ரோமத்தில் சிக்காமல், இறுக்காமல், விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டு, பார்த்துப் பார்த்துக் கட்டினான். "நீ எங்கயும் போகலடி. இங்கதான், என்கூடத்தான்" என்றான். அவள் மூக்கைக் கிட்டே கொண்டுவந்து அவன் முகத்தில் மூச்சு விட்டாள்.

மைத்துனன் வைக்கோல் கட்டோடு உள்ளே வந்தான். இரண்டு லாமாக்களையும் மாறி மாறிப் பார்த்தான். கட்டு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. ஓடிவந்து லாமாக்காரனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"மாமா... இத நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

வேலை போகிற அன்றைக்கு இப்படி நன்றி சொல்கிறானே என்று லாமாக்காரனுக்கு ஆச்சரியமாக இருந்தது. தனக்காக மேனேஜரிடம் கெஞ்சியதை அக்கா சொல்லியிருப்பாள் போல என்று நினைத்துக்கொண்டான். "எல்லாம் நல்லபடியா நடக்கும், போடா" என்று முதுகில் தட்டினான்.

அன்று பள்ளிப் பிள்ளைகள் வரும் நாள். குதிரைகள் நிற்கிற கோடியில் டாக்டரம்மா பாடத்தை ஆரம்பித்திருந்தார். லாமாக்காரன் கூடமாட ஒத்தாசையாக நின்றான். வியாபாரியின் வண்டி வரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் போகிற சத்தமும் கேட்டது. பாவம் சம்மந்தி என்று நினைத்தானே தவிர, எட்டிப் பார்க்கத் தெம்பில்லை.

குதிரை முடிந்து, ஆடு முடிந்து, பிள்ளைகள் லாமாப் பட்டிக்கு வந்தார்கள். அவன் நீல வாளியை ஆட்டினான். "இப்போ பாருங்க, எங்க மகாராணி எப்படி வர்றாங்கன்னு" என்று பெருமையாகச் சொன்னான். கொட்டகைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கழுத்து வெளியே வந்தது. நாலு எட்டு நடந்து நின்றது. காதைப் பின்னால் மடித்தது. பொளிச்சென்று வாளியில் துப்பியது.

பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். லாமாக்காரன் வாளியைக் கீழே போட்டான். கொட்டகைக்குள் ஓடிப் பார்த்தான். காலி. திரும்பி வந்து சம்மந்தியின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து விரலை ஓட்டினான். முடிச்சு இருந்தது. இரட்டை முடிச்சு. பல் பட்ட தடம்கூட விரலுக்குத் தட்டுப்பட்டது. முடிச்சு இருந்தால் சிவப்பு. சிவப்பு என்றால் போயிருக்க வேண்டுமே?

"டாக்டரம்மா, இந்தக் கயிறு..." அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "இது என்ன கலரும்மா?"

பாடத்தோடு சேர்ந்த கேள்வி என்று நினைத்து டாக்டரம்மா சிரித்தார். "நல்ல கேள்வி! லாமாவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் இல்ல? எல்லாரும் சேர்ந்து சத்தமா சொல்லுங்க பாப்போம்."

"பச்சை!" என்று கத்தினார்கள் அத்தனை பிள்ளைகளும்.

வாசல் வரை ஓடினான். வண்டி போய் எவ்வளவோ நேரமாயிற்று என்று காவல்காரர் கையை விரித்தார். மேனேஜர் அறைக்கு ஓடி, வியாபாரிக்குப் போன் போடச் சொன்னான். போட்டார். பேசினார். வைத்தார்.

"வித்தது வித்ததுதானாம். வேற ஆள் வண்டிக்கு மாத்தி விட்டாச்சாம், அது எங்க போகுதுன்னு அவனுக்கே தெரியாதாம். ஏன்யா, நீதானே கயித்தக் கட்டின? உன் கையால கட்டிட்டு இப்போ வந்து குதிக்கிற?"

என்ன சொல்வான்? சொன்னால் மருந்துப் பாட்டில் வரை எல்லாம் வெளியே வரும். எல்லாப் பக்கமும் கதவு அடைத்துக்கொண்டது. தன் கையால், ரோமத்தில் சிக்காமல், பார்த்துப் பார்த்துக் கட்டிய கயிறு. மகாராணிக்கும் அது சிவப்பு என்று தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவனை நம்பிக் கழுத்தை நீட்டினாள்.

அப்போதுதான் காலையில் மைத்துனன் கையைப் பிடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. மண்டைக்குள் சுரீரென்றது. வைக்கோல் கொட்டகைக்குப் போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தான்.

"கயித்த மாத்தினியாடா? சொல்லு! சோறு போட்டு வேலை வாங்கிக் கொடுத்தவனுக்கே குழி பறிச்சியா?"

"மாமா! நான் எதையும் தொடக்கூட இல்ல! நான் வரும்போதே மகாராணி கழுத்துல சிவப்பு இருந்துச்சு. நீங்கதான் பக்கத்துல நின்னீங்க." பயல் நிஜமாகவே திகைத்துப் போயிருந்தான். "எனக்காகத்தான் விட்டுக் கொடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். பெத்த அப்பன்கூட இப்படிச் செய்ய மாட்டான்னு... அப்போ நீங்க தெரிஞ்சு கட்டலையா? சிவப்பு எதுன்னு பாக்கலையா மாமா?"

லாமாக்காரன் அவன் முகத்தைப் பார்த்தான். இவனுக்குத் தெரியாது. தனக்கு நிறம் தெரியாது என்பதே இவனுக்குத் தெரியாது. அக்கா இவனிடம்கூடச் சொல்லவில்லை. அந்த ரகசியத்தைக் கடைசி வரை பத்திரமாகக் காத்திருக்கிறாள். கயிறு மாறவில்லை. முடிச்சுதான் இடம் மாறி விழுந்திருக்கிறது. காலரைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது.

"நான்தான்டா கட்டினேன். வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது. கை தவறிவிட்டது, அவசரத்தில் கவனிக்கவில்லை என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று வழியெல்லாம் ஏங்கிக்கொண்டு வந்திருந்தான். பொய்யாக இருந்தாலும் பிடித்துக்கொண்டிருப்பான்.

"தெரிஞ்சேதான் போட்டியா?"

அவள் பொய் சொல்லவில்லை. "உங்களுக்கு வேற வேலை தருவாங்க. அவனுக்கு யாரு தருவா? இந்த வேலையும் போச்சுன்னா அவன் மனசொடிஞ்சு போயிடுவான். அது வெறும் பிராணிதானே?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

அவன் யோசித்தான். கோபத்திலும் நேர்மையாகவே யோசித்தான். குடுத்திருப்பேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மாட்டேன் என்றும் சொல்லத் தெரியவில்லை.

"தெரியல. ஆனா கேட்டிருக்கலாம். ஊர்ல ஒருத்தன் விடாம என் கண்ணப் பாத்துச் சிரிச்சான், நான் தாங்கிக்கிட்டேன். நீ சிரிக்கவே இல்ல. இருந்தும் என் கண்ணுலயே குத்திட்டியே" என்றான். கதவோரத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவள் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். அவன் விலகி உட்கார்ந்தான்.

அவள் போட்ட கணக்கு ஒன்றும் தப்பவில்லை. மைத்துனனுக்கு வேலை நிலைத்தது. லாமாக்காரனைக் குதிரைப் பக்கம் போட்டார்கள். மைத்துனன் எதிரே வரும்போதெல்லாம் இன்றும் "மாமா" என்று குழைவான். அவனிடம் உண்மையைச் சொல்ல லாமாக்காரனுக்கு வாய் வரவில்லை.

மகாராணி போனதற்கு மறுநாள் காலை வழக்கம்போல அவள் சட்டையை எடுத்து நாற்காலிமேல் வைத்திருந்தாள். "பச்சைச் சட்டை. நேத்துத்தான் தேய்ச்சேன்" என்று மெதுவாகச் சொன்னாள். அவன் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சேற்று மஞ்சள். பச்சையாக இருக்கலாம். சிவப்பாகவும் இருக்கலாம். இத்தனை வருஷமும் அவள் சொன்னால் அது பச்சையாகத்தான் இருந்தது. அதை மடித்து நாற்காலிமேலேயே வைத்துவிட்டு, அலமாரியின் அடியில் கிடந்த கசங்கிய நீலச் சட்டையை எடுத்து உதறி மாட்டிக்கொண்டான்.

"அது கசங்கியிருக்குங்க."

"பரவாயில்ல. இது நீலம்னு எனக்கே தெரியும்" என்றான்.

பட்டியைக் கடந்து போகும்போது அந்த நீல வாளி இன்னும் கொட்டகை வாசலிலேயே கிடந்தது. தூரத்திலேயே தெரிந்தது.